நடுவை விட்டுக்கொடுக்கிறாளா?

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு 13 வயது. சதுரங்கப் போட்டிகளில் வெள்ளைக் காய் கிடைத்தால் முதலில் குதிரையை எஃப்3 கட்டத்துக்கு எடுக்கிறாள், அடுத்து சிப்பாயை சி4க்குத் தள்ளுகிறாள். ஆட்டத்தை இப்படித் தொடங்குவதற்கு ரேட்டி திறப்பு என்று பெயராம். ராசாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுவைப் பிடி என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இவள் நடுவை எதிராளிக்கே கொடுத்துவிட்டு, அசைய இடமில்லாமல் தோற்றுவிட்டு வருகிறாள். மாற்றச் சொல்லட்டுமா?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள நண்பருக்கு,

மாற்ற வேண்டாம். ஆனால் அவள் பாதியில் நிறுத்திவிடுகிறாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுக்கடலில் யாரும் நிற்பதில்லை. இரண்டு கயிறும் கரையில், இரண்டு பக்கமும் ஆட்கள். ரேட்டியில் பி2, ஜி2 கட்டங்களில் நிற்கும் பிஷப்புகள் அந்த ஆட்கள்தான். வலையை வளைத்துவிட்டு இழுக்காமல் இருந்தால் மீன் வருமா?

1924இல் நியூயோர்க்கில் ரிச்சர்ட் ரேட்டி கபாபிளாங்காவை வென்ற ஆட்டத்தை அவளோடு உட்கார்ந்து பலகையில் ஆடிப் பாருங்கள். 8 ஆண்டுகளாகத் தோற்காத உலகச் சாம்பியன் கபாபிளாங்கா. ரேட்டி இரண்டு பிஷப்புகளையும் ஓரங்களில் வைத்தார். 8ஆம் நகர்வில் டி3, ராணியின் சிப்பாய் ஒரேயொரு கட்டம். கறுப்பு ஈ5, சி5 இரண்டிலும் சிப்பாய்களை நிறுத்த விட்டார். இதற்குள் ராணி சி2க்கும் ரூக் டி1க்கும் வந்துவிட்டன. 15இல் ஈ3. 16இல் டி4! கறுப்பின் இரண்டு சிப்பாய்களுக்கும் ஒரே அடி. அந்த ஒரு நகர்வுக்காகத்தான் முன்னைய பதினைந்தும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் துள்ளும்.

பிள்ளைகள் பெரும்பாலும் டி3 வரை வருவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். எதிராளி ஈ5, டி5 இரண்டையும் பிடித்து, பின்னால் காய்களையும் அடுக்கிவிட்டால் மூச்சு முட்டத்தான் செய்யும். தொடக்கத்திலேயே, அவள் சி4 ஆடியதும் கறுப்பு டி5 சிப்பாயை டி4க்குத் தள்ளினால் உடனே ஈ3 அல்லது பி4 என்று இடிக்க வேண்டும். சி4 சிப்பாயை வெட்டினால் பதற வேண்டாம், ஈ3 ஆடி பிஷப்பால் திரும்ப எடுக்கலாம். கறுப்பு ஈ6 என்று அடங்கினால் டி4 ஆடி, ராணியின் சிப்பாயைத் தள்ளித் தொடங்கும் ஆட்டங்களுக்குள் போய்விடலாம். எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதுதான் இந்தத் திறப்பின் அழகு.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஈ4 ஆடி நடுவைப் பிடித்துப் பழகாத பிள்ளைக்கு, பிடித்தவன் எங்கே பலவீனப்படுவான் என்று தெரியாது. வீட்டில் உங்களோடு ஆடும்போது ஈ4 ஆடட்டும், போட்டியில் ரேட்டி இருக்கட்டும்.

தோற்ற ஆட்டங்களின் தாள்கள் இருந்தால், டி4 அல்லது ஈ4 எத்தனையாவது நகர்வில் வந்தது என்று அவளையே வட்டமிடச் சொல்லுங்கள். இரண்டு மூன்றை எனக்கும் அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.