கூட்டாளி வழக்கில் வாடிக்கையாளர் பட்டியலை நடுவரிடம் கொடுக்கலாமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை நடத்தும் நீங்கள், கூட்டாளியுடனான கணக்குத் தகராறில் வாடிக்கையாளர்களின் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள கடன் பேரேட்டை நடுவர் மன்றத்தில் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் ‘ஆர்பிட்ரேஷன்’) காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் காட்டலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன் 17ஆவது பிரிவு, சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தகவலுக்கு ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. ‘தேவையான’ என்ற சொல்தான் முக்கியம். பாக்கித் தொகைதான் வழக்கு என்றால் ஆதார் நகல் எதற்கு? மறைத்துவிட்டுக் கொடுங்கள்.

காகிதப் பேரேடு இச்சட்டத்துக்குள் வராது. கைபேசியில் படமெடுத்து வக்கீலுக்கு அனுப்பினால் வந்துவிடும். விலக்கு இருந்தாலும் பத்திரமாக வைக்கும் கடமை நீங்காது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். (2025 நவம்பர் அறிவிக்கைப்படி இச்சட்டத்தின் இந்தப் பிரிவுகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.) ஒருமுறை ஜெராக்ஸ் கடைக் கணினியில் யாரோ ஒருவரின் பாகப்பிரிவினைப் பத்திரம் திறந்தபடியே கிடந்தது; பதறிப்போனேன். பென் டிரைவில் கொண்டுபோனால், கணினியில் தங்கும் பிரதியை அழித்துவிட்டே வாருங்கள்.

கூட்டாளி அந்தப் பட்டியலை வைத்துப் புதுக்கடைக்கு ஆள் பிடிப்பாரோ என்ற உங்கள் பயம் நியாயமானது. நடுவர் மன்றச் சட்டத்தின் 42ஏ பிரிவு இரு தரப்பையும் ரகசியம் காக்கச் சொல்கிறது. வழக்குக்கு வெளியே பட்டியலைப் பயன்படுத்தக் கூடாதென்று முதல் அமர்விலேயே நடுவரிடம் எழுத்து மூலம் உத்தரவு கேளுங்கள்.