அவர் தன் குரலில் கூப்பிடட்டும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம். எட்டு ஆண்டுகளாக வெளிநாட்டு சர்க்கஸ் ஒன்றில் பார் விளையாடுகிறேன். பறப்பவள் நான், எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி என்னைப் பிடித்தவர் என் கணவர். சென்ற ஆண்டு சாலை விபத்தில் அவர் போய்விட்டார். இப்போது புதிதாக ஒருவரை என்னோடு சேர்த்திருக்கிறார்கள். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். ஆனாலும் என்னால் பலகையை விட்டுக் கிளம்ப முடியவில்லை. கிளம்பினாலும் அவர் கைகளைப் பாய்ந்து பிடிக்கப்போய் வலையில் விழுகிறேன். என் கணவர் "வா" என்று நீட்டிக் கூப்பிடுவார். இவரையும் அப்படியே கூப்பிடச் சொன்னேன். கூப்பிடுகிறார். எனக்கு இன்னும் மோசமாகிறது. அந்தக் காலத்துப் பெரிய பார் கலைஞர் அல்பிரெடோ கொடோனா; அவர் மனைவி லில்லியன் லைட்ஸலும் சர்க்கஸ்காரர். அவள் இறந்தபின் கொடோனாவின் வாழ்க்கையே சிதைந்ததே, அதுதானே உண்மையான அன்பு? இன்னொருவர் கையில் என்னைக் கொடுப்பது துரோகம் இல்லையா? அம்மா இங்கேயே தொழிற்சாலை வேலைக்குப் போகச் சொல்கிறார். இதையெல்லாம் கதையாக எழுதலாமா என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கதை எழுதுவது இருக்கட்டும். தொழிற்சாலையா கூடாரமா என்பதை நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். துரோகமா என்று கேட்டீர்கள். இல்லை.

கொடோனாவை மட்டும் இனி இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். லைட்ஸல் கோபன்ஹேகனில் விழுந்து இறந்தது 1931 பிப்ரவரியில். மறு ஆண்டே கொடோனா வேரா புரூஸை மணந்தார். 1933இல் தோள் காயம் அவருடைய பறத்தலை முடித்துவைத்தது. மணவிலக்குக்குப் போன அந்தப் பெண்ணை 1937இல் சுட்டுக் கொன்று தானும் சுட்டுக்கொண்டார். இதில் எந்த இடத்தில் அன்பைக் கண்டீர்கள்? செத்துப்போன வேரா புரூஸ் உங்கள் கண்ணிலேயே படவில்லையா? படித்து எனக்குக் கோபம்தான் வந்தது.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் நான் வளர்ந்த தோட்டத்துக்குப் போய்வந்தேன். உங்கள் ஊர்ப் பக்கம்தான். எங்கள் காலத்தில் உங்கள் ஊருக்குப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. 1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, வணிகப் பயிராக நட்ட தென்னமரம் தோட்டமும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. மறுநடவுக்காகக் கிழட்டு மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மட்டை முறியும் சத்தம் கேட்டதும் என் கால் தானாகப் பின்வாங்கியது. அம்மாவிடமிருந்து வந்த பழக்கம்.

அப்பா குலை வெட்டுவார், அம்மா உதிரிப்பழம் பொறுக்குவார். உயர்ந்த மரத்துக்கு நீண்ட கம்பின் நுனியில் அரிவாள். ஒரு குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். முள்ளோடு வந்து விழும். அப்பா "ஒதுங்கு" என்பார். அம்மா நிமிர்ந்தே பார்க்காமல் விலகி நிற்பார். தொப்பென்று சத்தம் கேட்டதும் சாக்கோடு உள்ளே நுழைவார்.

அப்பா மாரடைப்பில் இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. காரியம் முடிந்த கையோடு, இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒருவரை அம்மாவுக்கு ஜோடியாகப் போட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா முதல் வேலையாக என்ன செய்தார் தெரியுமா? அவருக்கு "ஒதுங்கு" என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார். அந்த மனிதரும் தட்டுத்தடுமாறி அதையே சொன்னார். அது காதில் விழுந்தபோதெல்லாம் அம்மா நிமிர்ந்து பார்த்தார். யாரைத் தேடினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குலை இறங்கும் நேரத்தில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதா? ஒருநாள் மட்டை தோளில் உரசி, முள் ஆழமாக ஏறிவிட்டது. அன்று இரவு விளக்கடியில் ஊசியால் அதை எடுத்தது நான்தான்.

மறுநாள் அந்த மனிதர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. கம்பால் மரத்தை இரண்டு முறை தட்டி "ஜாகா" என்றார். கவனம் என்று பொருள். அவருடைய சொல், அவருடைய குரல். பள்ளி விடுமுறையில் நானும் பழம் பொறுக்கப் போவேன். அம்மா சில நாள் பத்தடி தள்ளி ஓடினார். பிறகு ஐந்தடி. பிறகு ஒருநாள், இரண்டு தட்டுக் கேட்டதும் தலைகுனிந்தபடியே இரண்டடி விலகினார், குலை விழுந்தது, உள்ளே நுழைந்தார். அன்று இரவுதான் அம்மா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதார். காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போனார்.

தங்கையே, நீங்கள் செய்வதும் அதுதான். உயிரோடிருக்கும் மனிதரை இறந்தவரின் குரலில் கூப்பிட வைக்கிறீர்கள். பிறகு அந்தக் குரல் பொய் என்று பலகையிலேயே உறைந்து நிற்கிறீர்கள். அவருக்கும் இது கொடுமை. "வா" உங்கள் கணவருடையது. அது அவரோடு இருக்கட்டும்.

பாய்ந்து பிடிப்பதையும் நிறுத்துங்கள். உங்கள் தொழிலை நான் உங்களுக்குச் சொல்லித்தருவதா என்று கோபப்படாதீர்கள். 1859இல் பாரிசில் ழூல் லெயோத்தார் என்ற பிரெஞ்சுக்காரர் முதன்முதலாகப் பாரில் பறந்தபோது எதிரே பிடிக்க ஆள் இல்லை. ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குத்தான் தாவினார். மரக்கட்டை நம்மைப் பிடிக்காது, நாம்தான் அதைப் பிடிக்க வேண்டும். எதிரே மனிதர் தொங்கும்போது பறப்பவர் கையை நீட்டிக்கொடுத்தால் போதும். மணிக்கட்டைப் பற்றுவது அவர் வேலை. எட்டு ஆண்டுகள் அப்படித்தானே பறந்தீர்கள்? இந்த மனிதரை மட்டும் ஏன் கட்டையாக நினைக்கிறீர்கள்?

கூடாரத்துக்குத் திரும்பினால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அன்று இரவு அழுகை வந்தால் அழுங்கள்.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்