சுகாதாரத் தளமும் ஸ்கிரீன் ரீடரும்: கேட்டவையும் என் பதில்களும்

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்து இணையதளங்களைச் சோதித்துக் குறை சொல்வதுதான் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில்.

கே: தடுப்பூசி முன்பதிவுப் பக்கத்தை எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிக்கலாம்?

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர் போன்ற விசைகளை மட்டும் தட்டிக்கொண்டே முன்பதிவை முடித்துப் பாருங்கள். பெரும்பாலும் நாள்காட்டியில் மாட்டிக்கொள்வீர்கள். நான் சோதித்த ஒரு தளத்தில் 31 நாளும் எனக்கு "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்டது. எந்தத் தேதி, இடம் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. நிரம்பிய நாள் சிவப்பு, காலி நாள் பச்சை என்று கூட இருந்த நண்பர் சொன்னார், அதாவது அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாதவருக்கும் என் கதிதான். ஒவ்வொரு நாளுக்கும் தேதியும் "நிரம்பிவிட்டது" என்ற வார்த்தையும் சேருங்கள். தேதியைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டியும் கொடுங்கள். அப்புறம், "பிறந்த தேதி" என்பதைப் பெட்டிக்குள் வெளிர் எழுத்தில் போடாமல் வெளியே லேபிளாக வையுங்கள். தட்டச்சு தொடங்கியதும் அந்த வெளிர் எழுத்து மறைந்துவிடும், மறதி உள்ளவர் எதை நிரப்புகிறோம் என்று தெரியாமல் முழிப்பார்.

கே: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு எவ்வளவு வேண்டும்?

சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1.

கே: நோய்ப்பரவல் சுற்றறிக்கையைக் கையெழுத்து, முத்திரையோடு ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போடுகிறோம். போதுமா?

போதாது. அது வெறும் படம், என் காதில் விழுவது "பக்கம் 1, காலி". அதே விஷயத்தைப் பக்கத்திலேயே எழுத்தாகப் போடுங்கள், முத்திரை வேண்டுமென்றால் கூடவே இருக்கட்டும்.

கே: ஒரே வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று தளத்தின் மேல் ஓடும் ஓவர்லே என்ற மென்பொருளை விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். லேபிள் இல்லாத பெட்டியை அது யூகித்துப் படிக்கும். மருந்தளவு சொல்லும் பக்கத்தில் யூகமா? பல சமயம் என் ஸ்கிரீன் ரீடரோடு மல்லுக்கட்டவும் செய்யும்.

கே: எனக்குப் பார்வைக் குறைவு. ஓவர்லேயில் வரும், எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன் எனக்கு உதவுகிறது. நீங்கள் உங்கள் கோணத்திலிருந்தே பேசுகிறீர்கள்.

சரி, நியாயம்தான், பட்டனைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தளத்தை விட்டு அடுத்த தளத்துக்குப் போனால் அந்தப் பட்டன் வராது, பிரவுசரின் ஜூம் எல்லா இடத்துக்கும் வரும். 200% ஆக்கினாலும் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தளம் நின்றால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

கே: பட்ஜெட் இல்லாதவர்கள் என்ன செய்வது? ஒன்றுமே இல்லாததற்கு ஓவர்லே மேல் இல்லையா?

இல்லை. ஓவர்லேவுக்குச் சந்தா கட்டப் பணம் இருக்கிறதே! அதை ஒரு பார்வையற்றவருக்கும், கை நடுக்கம் உள்ள ஒருவருக்கும் கூலியாகக் கொடுத்து ஒரு நாள் சோதிக்கச் சொல்லுங்கள். என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் இலவசம், உங்கள் நிரலாளரே நிறுவிக் கேட்கலாம். ஓவர்லே பற்றி இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், நால்வருக்கும் இதே பதில்.

கே: வீடியோவில் தானாக வரும் சப்டைட்டில் காது கேளாதோருக்குப் போதுமா?

மருந்துப் பெயரைத்தான் அது முதலில் கோட்டைவிடும், மனிதர் திருத்த வேண்டும். சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து இரண்டாம் மொழி என்பதால், முக்கிய அறிவிப்புகளுக்குச் சைகை மொழி வீடியோவும் தேவை. அதோடு, "சந்தேகமா? அழையுங்கள்" என்று தொலைபேசி எண்ணை மட்டும் போட்டால் அவர் எப்படி அழைப்பார்? குறுஞ்செய்தி வழியும் கொடுங்கள்.

கே: முகாம் தேதிகளைப் போஸ்டராக, ஜேபிஜியில் போட்டால்?

பிடிஎஃப் பதிலைப் படியுங்கள்.

கே: எங்கள் மேல் வழக்கு வருமா?

வக்கீலைக் கேளுங்கள்.

கே: பாதுகாப்புக்காக 3 நிமிடத்தில் படிவம் தானாக மூடிக்கொள்கிறது. தவறா?

எனக்கு முகவரி நிரப்பவே அவ்வளவு நேரமாகும். மூடுவதற்கு முன் எச்சரித்து, ஒரு விசையைத் தட்டி நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுங்கள், 10 முறையாவது நீட்டிக்க விடுங்கள் என்கிறது, எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. அந்த எச்சரிக்கை ஸ்கிரீன் ரீடரில் ஒலிக்கிறதா என்றும் பாருங்கள். திரையில் மட்டும் தோன்றிவிட்டுப் போன ஒன்றால் நான் ஒரே படிவத்தை மூன்று முறை நிரப்பியிருக்கிறேன்.