கமரா பக்கம்: எண்ணெய்க் குப்பியை மூடி வையுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் பிடித்தவர். அவருடைய பென்டாக்ஸ் ஸ்பொட்மெட்டிக் கமரா இப்போது வேலை செய்யாது. அதிலிருந்த சூப்பர் டகுமார் 55 மி.மீ. லென்ஸை இணைப்பு வளையம் போட்டு என் டிஜிட்டல் கமராவில் மாட்டியிருக்கிறேன். அப்பச்சர் வளையத்தை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை, திருப்பினால் காலையில் உள்ளே தகடுகள் அசைவதே இல்லை. வெயில் ஏறிய பிறகு மெல்ல மெல்ல மூடுகின்றன. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்கிறார் மாமா. விடலாமா? – வாசகி, தலவாக்கலை

பதில்: முதலில் அந்தக் குப்பியை மாமாவிடமிருந்து வாங்கி வையுங்கள் மகள். உங்கள் லென்ஸுக்கு வந்த நோயே எண்ணெய்தான். குளிரில் இறுகி, வெயிலில் இளகுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த 6 தகடுகளும் காய்ந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத்தான் செய்யப்பட்டவை. போகஸ் வளையத்தின் மரைகளில் கிரீஸ் இருக்கும். வருடக்கணக்கில் அதன் தண்ணீர்த்தன்மையான பகுதி பிரிந்து, ஊர்ந்து வந்து தகடுகளில் படியும். நம் பக்கத்தில் பூஞ்சணத்துக்குப் பயந்து கமராவை அடுப்புக்கு மேலே பலகையில் வைப்பார்களே, அந்தச் சூடு கிரீஸை இன்னும் வேகமாக இறக்கிவிடும். தாத்தாவும் அங்கேதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கழற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள். லென்ஸின் பக்கத்தில் ஏ (தானியங்கி), எம் (கையால்) என்று ஒரு சின்ன விசை இருக்கும். ஏ பக்கம் இருந்தால் அப்பச்சர் வளையத்தைத் திருப்பினாலும் தகடு அசையாது; அது பழுதில்லை. ஏ-யிலேயே வைத்து, வளையத்தை 16க்கு, அதாவது மிகச் சிறிய துளைக்குத் திருப்பி, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியை விரலால் அழுத்தி விடுங்கள். தகடுகள் சட்டென்று மூடி, சட்டென்று திறக்க வேண்டும். பிலிம் கமராவில் இந்தத் தாமதம் பெரிய தொல்லை. 8இல் எடுக்க நினைத்து, தகடு மூடுவதற்குள் ஷட்டர் திறந்தால், முழுதாகத் திறந்த 1.8 அகலத்தில் ஏறத்தாழ 20 மடங்கு வெளிச்சம் உள்ளே போய்விடும், முகமெல்லாம் வெள்ளை. உங்கள் டிஜிட்டலில் எம்-இல் வைத்தால் மெதுவாக மூடினாலும் படம் கெடாது. ஆனால் காலையில் அசைவதே இல்லை என்கிறீர்கள், ஆகவே துடைக்கத்தான் வேண்டும்.

லென்ஸின் முகத்தில் பெயர் எழுதிய வளையம் திருகிக் கழற்றுவது. அதில் உலோகக் கருவி எதையும் வைக்காதீர்கள். அளவான ஒரு போத்தல் மூடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, அழுத்திப் பிடித்து இடப்பக்கம் திருப்பினால் இறப்பரின் பிடியிலேயே கழன்றுவரும். அடியில் குட்டித் திருகுகள் இருக்கும். முனை சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் இல்லாவிட்டால் அங்கேயே நில்லுங்கள், தலை தேய்ந்த திருகை எடுக்க நான் படும் பாட்டை நீங்கள் படவேண்டாம். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் ஒரு படம். அதன்பிறகு முன் கண்ணாடித் தொகுதி ஒன்றாகத் திருகிக்கொண்டு வெளியே வரும், தகடுகள் நேரே தெரியும்.

லைட்டருக்கு ஊற்றும் பெற்றோல் வேண்டும். மண்ணெண்ணெய் பிசுக்கு விடும்; நகப்பூச்சு அழிக்கும் திரவம் உள்ளே இருக்கும் கறுப்புப் பூச்சைத் தின்றுவிடும். அடுப்பு எரியும் வீட்டில் இந்த வேலை வேண்டாம், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சியை நனைத்து, ஒருமுறை உதறி, மூடிய தகடுகளின் மேல் தொட்டு வையுங்கள். தகடு கடதாசி மாதிரி மெல்லியது, தேய்த்தால் வளைந்துவிடும். வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். அடுக்குகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே வரும். காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். மறுபடி நனையுங்கள். பஞ்சு சுத்தமாக வரும்வரை இதேதான் வேலை. ஆசைப்பட்டு ஊற்றிவிட்டால் பெற்றோல் போகஸ் மரைக்குள் இறங்கி அங்குள்ள கிரீஸையும் கரைத்துக்கொண்டு வரும். மறுநாள் பழைய கதைதான்.

ஈரமாக இருக்கும்போது நன்றாக ஓடும், காய்ந்ததும் திரும்ப ஒட்டும். அதனால் ஒரு இரவு விட்டு, விடிந்த குளிரிலேயே சோதியுங்கள். அப்போதும் இழுத்தால் பின்பக்கத்திலிருந்தும் துடைக்க வேண்டியிருக்கும். போகஸ் மரையை மட்டும் கழற்றாதீர்கள். எந்த இடத்தில் பிரிந்ததோ அதே இடத்தில் பூட்டாவிட்டால் தூரத்து மலை இனி தெளியவே தெளியாது. தகடுகளை ஒவ்வொன்றாக எடுப்பதும் வேண்டாம். துருப்பிடித்தோ கழன்றோ இருந்தால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு சங்கதி: ஸ்பொட்மெட்டிக் சந்தைக்கு வந்தது 1964இல். மலையகத் தமிழரில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் அதே வருடம். தாத்தாவின் பழைய நெகட்டிவ்களில் அப்படிப் போனவர்களின் கடவுச்சீட்டுப் பட முகங்கள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் லென்ஸைவிட அதற்குத்தான் முதலில் வைத்தியம்.

கேள்வி: கமராவை அரிசி டின்னுக்குள் வைத்தால் ஈரம் இழுக்குமா? – வாசகர், நானுஓயா

பதில்: இழுப்பது கொஞ்சம், தூசு நிறைய. அரிசியைச் சோற்றுக்கு வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறும் குருணையாக வாங்கினால் எப்போது ஈரம் குடித்து முடித்தது என்று தெரியும். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். கமராவின் தோல் உறையை மட்டும் அந்தப் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அதில்தான்.