கடனில் பைக் வாங்கும்போது இன்சூரன்ஸில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

ஷோரூம் விலை 1,20,000 ரூபாய் உள்ள 125 சிசி பைக்கை 10 சதவீத வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் கடனில், 36 மாதத் தவணையில் வாங்கப் போவதாகவும், இன்சூரன்ஸுக்கு மட்டும் ஏழாயிரம் ரூபாய் கேட்பதாகவும், அதை எப்படிக் குறைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருச்சியில் ஓர் இருசக்கர வாகன ஷோரூமில் கடன், இன்சூரன்ஸ் வேலைகளைச் சில ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இன்சூரன்ஸில் குறைக்கக்கூடியது சில நூறு ரூபாய். கடனில் குறைக்கக்கூடியது பல ஆயிரம் ரூபாய். ஆனால் வண்டி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் இன்சூரன்ஸுக்காக அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு, கடன் பத்திரத்தில் காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதலில் அந்த ஏழாயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல், புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கான தேர்டு பார்ட்டி காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டை, வாங்கும்போதே எடுத்தாக வேண்டும். அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது என்பதால், எந்தக் கம்பெனியிடம் போனாலும் ஒரே தொகைதான். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு ஐந்தாண்டுக் கட்டணம் 3,851 ரூபாய். 150 சிசியைத் தாண்டினால் 350 சிசி வரை 7,365 ரூபாய். அதற்கும் மேல் 15,117 ரூபாய். ஆகவே 150 சிசி வண்டியா 160 சிசி வண்டியா என்று யோசிப்பவர்கள், அந்தச் சிறு வித்தியாசத்துக்காக ஜிஎஸ்டியோடு சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மீதியில் பெரும்பகுதி, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமான ஓன் டேமேஜ் காப்பீடு. புது வண்டியின் ஐடிவி, அதாவது வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரக்கூடிய அதிகபட்சத் தொகை, ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து 1,14,000 ரூபாய். மோட்டார் டாரிஃப் எனப்படும் பழைய கட்டணப் பட்டியலின்படி சென்னை போன்ற எட்டுப் பெருநகரங்களுக்கு வெளியே பதிவாகும் 150 சிசி வரையிலான வண்டிக்கு விகிதம் 1.676 சதவீதம், அப்படிப் போட்டால் 1,911 ரூபாய் வரும். தேர்டு பார்ட்டிக்கான 3,851 ரூபாயையும் இதையும் கூட்டி 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 6,800 ரூபாய். இதில் கம்பெனிகள் தள்ளுபடி தரக்கூடிய இடம் ஓன் டேமேஜ் பகுதி மட்டுமே. ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுத்தாக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், வெளியில் இரண்டு மூன்று கம்பெனிகளின் தொகையைக் கேட்டுக்கொண்டு போய்ப் பேசுங்கள், குறைத்துத் தருவார்கள். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால், அதை எழுதிக் கொடுத்து இங்கே தவிர்த்துவிடலாம்.

இனி கடன். உங்களிடம் சொல்லப்பட்ட 10 சதவீத வட்டி, அநேகமாக ஃபிளாட் வட்டியாகத்தான் இருக்கும். அப்படியென்றால் ஒரு லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 30,000 ரூபாய், மாதத் தவணை 3,611 ரூபாய். மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடும் கணக்கு இது. குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதைச் சொன்னால், ஏறக்குறைய 18 சதவீத வட்டிக்குச் சமம். உண்மையிலேயே குறையும் நிலுவையில் 10 சதவீதமாக இருந்தால் தவணை சுமார் 3,227 ரூபாயும், மொத்த வட்டி சுமார் 16,200 ரூபாயும்தான் வரும். நீங்கள் இன்சூரன்ஸில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காவிட்டாலும், இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பதினாலாயிரம் ரூபாய் வரை வித்தியாசம் தெரியும்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் எல்லாத் தவணைக் கடன்களுக்கும் கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரத் தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளில் ஏபிஆர் என்று, கடனுக்கு ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு சதவீதக் கணக்கில் இருக்கும். பிராசசிங் கட்டணம், கடனோடு சேர்த்துக் கட்டிவிடும் ஆயுள் காப்பீடு போன்ற செலவுகளும் அதற்குள் அடங்கிவிடுவதால், இரண்டு கடன்களை ஒப்பிட அந்த எண்ணைவிட நேர்மையான அளவு வேறில்லை. வீட்டில் நகை இருந்தால், பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும் என்பதையும், அப்போது ஆர்சி புக்கில் எச்பி, அதாவது வண்டி கடனுக்கு அடமானமாக இருக்கிறது என்ற பதிவு, ஏறாது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பாலிசித் தாளில் இரண்டு காலங்கள் அச்சாகியிருக்கும்: தேர்டு பார்ட்டி ஐந்து ஆண்டு, ஓன் டேமேஜ் ஒரே ஆண்டு. கடனோ மூன்று ஆண்டு. முதல் ஆண்டு முடிந்ததும் ஓன் டேமேஜைப் புதுப்பிக்காவிட்டால் யாரும் பிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் சட்டம் கேட்பது தேர்டு பார்ட்டியை மட்டும்தான். மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர், கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டி திருடுபோய்விட்டது என்று எஃப்ஐஆர் நகலையும் இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து பாலிசியை எடுத்து, ஐந்தாம் ஆண்டின் தேதியில் விரலை வைத்து, "இன்னும் மூணு வருஷத்துக்கு மேல இருக்கே சார்" என்றார். அதற்கு மேல் வரியில் இருந்த ஓன் டேமேஜ் தேதி சில மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. வண்டிக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. தவணை மட்டும் மாதாமாதம் ஓடியது. நிறுத்தினால் சிபில் மதிப்பெண் கெட்டுவிடும் என்பதால், இல்லாத வண்டிக்கு அவர் கட்டிக்கொண்டே இருந்தார்.

உங்கள் கணக்கிலேயே பார்ப்போம். முதல் ஆண்டு முடிவில் நீங்கள் 43,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். ஆனாலும் அசலில் சுமார் 72,000 ரூபாய் பாக்கி இருக்கும். இரண்டாம் ஆண்டு ஐடிவி, ஷோரூம் விலையில் 20 சதவீதம் கழித்து 96,000 ரூபாய் ஆகும். அதற்கான ஓன் டேமேஜ் கட்டணம் 1,609 ரூபாய். முதல் ஆண்டில் கிளைம் இல்லாவிட்டால் அதற்காகத் தரும் என்சிபி என்ற சலுகை 20 சதவீதத்தைக் கழித்து, ஜிஎஸ்டி சேர்த்து, சுமார் 1,520 ரூபாய். கம்பெனித் தள்ளுபடி கிடைத்தால் இன்னும் குறையும். பாதித் தவணைக்கும் குறைவான இந்தத் தொகையை மிச்சம் பிடித்து, 72,000 ரூபாய்க் கடனுக்குப் பாதுகாப்பில்லாமல் இருப்பதைவிடப் பெரிய நஷ்டக் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

சின்ன விஷயங்கள் இரண்டு. பம்பர் டு பம்பர் என்று சொல்லும் ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பீடு, ஃபேரிங் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட வண்டிகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் பயனுள்ளது, ஏனென்றால் அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். சாதாரண 125 சிசி வண்டிக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை. என்சிபி போய்விடும் என்று பயந்து நியாயமான கிளைமை விட்டுவிடவும் வேண்டாம். என்சிபிக்காகக் கிளைமை விடுவது கார்களுக்குப் பொருந்தும் அறிவுரை. பைக்கில் அந்தச் சலுகை ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் என்சிபி முழுவதும் போய்விடும்.

கடைசித் தவணை கட்டியதும் நிதி நிறுவனத்திடம் என்ஓசி எனப்படும் ஆட்சேபணையில்லாச் சான்றையும், கடன் ஒப்பந்தம் முடிந்ததைத் தெரிவிக்கும், கையொப்பமிட்ட படிவம் 35-ஐயும் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் எச்பி கேன்சல் செய்யுங்கள். அந்தப் புதிய ஆர்சியைக் கொடுத்து இன்சூரன்ஸ் பாலிசியிலும் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இரண்டாவதைப் பலர் செய்வதில்லை. பெயர் அப்படியே இருந்தால், பின்னால் வண்டி திருடுபோனாலோ முழுச் சேதமானாலோ, கடன் அடைத்த ஆதாரத்தைக் காட்டி அந்தப் பெயரை நீக்கும் வரை கிளைம் தொகை உங்கள் கைக்கு வராமல் இழுத்துக்கொண்டே போகும்.