எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இடது இண்டிகேட்டர் மட்டும் சிமிட்டாமல் மங்கலாக நின்று எரிகிறது. விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரை இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை. அடுத்து எங்கே பார்ப்பது?

1972 மாடல். வலது பக்கம் ஒழுங்காகச் சிமிட்டுகிறது. இடது பக்கம் மங்கலாக நின்றுவிடுகிறது, பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசமாகிறது. குறையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதானே? கழற்றிப் போட்ட அந்தப் பழைய ஃபிளாஷரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. ஃபியூஸ், ஹசார்ட் சுவிட்ச் (இரு பக்க விளக்குகளையும் ஒன்றாகச் சிமிட்ட வைப்பது), ஃபிளாஷர் மூன்றும் இரு பக்கத்துக்கும் பொது. மின்சாரம் இவற்றைத் தாண்டி ஸ்டீயரிங் அருகே உள்ள சுவிட்சுக்கு வந்த பிறகுதான் இடது, வலது என்று பிரிகிறது. வலது பக்கம் சரியாக வேலை செய்கிறது என்றால் பிரியும் இடம் வரை குறை இல்லை. தவறு இடது பக்கத்துக்கு மட்டும் சொந்தமான பாதையில் இருக்கிறது: சுவிட்சின் இடது முனை, பச்சையில் சிவப்புக் கோடு போட்ட வயர், அதன் இணைப்புகள், இரண்டு பல்புகள், அவற்றின் எர்த், அதாவது மின்சாரம் காரின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. (வலது பக்க வயர் பச்சையில் வெள்ளைக் கோடு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலும் இதே நிறங்கள்தான்.)

அப்படியானால் ஏன் சிமிட்டவில்லை? உங்கள் காரில் இருப்பது வெப்பத்தால் இயங்கும் ஃபிளாஷர். உள்ளே ஒரு உலோகப் பட்டை, பல்புகளுக்குப் போகும் மின்சாரத்தாலேயே சூடாகி, வளைந்து, தொடர்பை விடுகிறது. ஆறியதும் மறுபடி தொடுகிறது. அந்த டிக் டிக் சத்தம் அதுதான். 21 வாட் பல்பு இரண்டு என்று கணக்குப் போட்டுச் செய்த சாமான் அது. 12 வோல்ட்டில் 42 வாட் என்றால் மூன்றரை ஆம்பியர். வழியில் எங்கோ தடை ஏறி ஓட்டம் குறைந்தால் பட்டைக்குப் போதிய சூடு கிடைக்காது, வளையாது, விளக்கு நின்றே எரியும். ஆக, சிமிட்டாமல் நிற்பதும் மங்கலாக எரிவதும் இரண்டு நோய் அல்ல, ஒன்றுதான்.

பிரேக்கை மிதித்தால் மோசமாகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். பின்பக்கம் ஒரே கூட்டுக்குள் இண்டிகேட்டர் பல்பும் பிரேக் பல்பும் இருக்கின்றன. இரண்டுக்கும் வரும் வயர் வேறு, திரும்பிப் போகும் எர்த் ஒன்று. அந்த எர்த் சரியில்லை என்றால் இரண்டும் அந்த ஒற்றை வழிக்கு முட்டி மோதும், இரண்டுமே மங்கும். இரவில் பார்க்கிங் விளக்கைப் போட்டும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் இடது இண்டிகேட்டர் சோர்ந்து போனால் சந்தேகமே வேண்டாம், பின்பக்க எர்த்தில் ஆரம்பியுங்கள்.

என்னிடமும் இதே தலைமுறைக் கார் இருக்கிறது. இதே கூத்தை மூன்று வாரம் அனுபவித்தேன். மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, எர்த்தில் வைத்துப் பார்த்தால் பீப் என்று சத்தம் வரும். எர்த் சரி என்று முடிவு கட்டிவிட்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டிக்கிக்குள் குனிந்து எழும்போது பிடிமானத்துக்காகப் பின் விளக்கில் கையை ஊன்றினேன். அவ்வளவுதான், டிக் டிக் என்று ஆரம்பித்துவிட்டது! கையை எடுத்தேன், நின்றது. விளக்கைக் கழற்றிப் பார்த்தால் வார்ப்பு அடித்தட்டுக்கும் காரின் தகரத்துக்கும் நடுவே விபூதி மாதிரி வெள்ளைப் பொடி. திருகுக்குக் கீழே தகரத்தில் நல்ல துரு.

அப்படியானால் மீட்டர் பொய் சொன்னதா? இல்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. ஓம் அளக்கும்போது மீட்டர் அனுப்புவது சொட்டு மின்சாரம். வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது போய்விடும். பல்புக்குத் தேவை ஒன்றே முக்கால் ஆம்பியர். அதை அந்த ஒற்றை இழையும் துருவும் விடாது. அதனால் இந்த வேலைக்கு ஓம் பார்க்காதீர்கள். விளக்கு எரியும்போது வோல்ட் பாருங்கள்.

சிமிட்டும் விளக்கில் மீட்டர் எண் நிற்காது என்பதால் முதலில் ஃபிளாஷரைக் கழற்றி, அதற்கு வரும் இரண்டு வயர்களையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிடுங்கள். சாவியைத் திருப்பி இடது பக்கம் போட்டால் விளக்கு விடாமல் எரியும். இப்போது மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள். பேட்டரியை பானெட்டுக்குள் தேட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டுக் காரில் அது இருக்கைகளுக்குப் பின்னால், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளாக இருக்கும். இரண்டும் தொடராக இணைந்தவை, அதனால் காரின் உடம்போடு இணைந்த நெகட்டிவ் முனை எது என்று பார்த்து வையுங்கள். சிவப்பு முனையை எரியும் பல்பின் பித்தளை உடம்பில் தொடுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி, 0.1 அல்லது 0.2 வந்தால் எர்த் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் கள்வன் அகப்பட்டான். முனையை அங்கிருந்து விளக்கின் அடித்தட்டு, பிறகு திருகு, பிறகு தகரம் என்று நகர்த்துங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் குறை.

ஒரு வோல்ட்டில் என்ன போய்விடும் என்று கேட்கலாம். இந்த இழை பல்புகளில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் அதைவிட வேகமாகச் சரியும். 12.6 கிடைக்க வேண்டிய இடத்தில் 10.5 கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. இரு பரப்பையும் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நான் ஒரு படி மேலே போய், அடித்தட்டிலிருந்து டிக்கிக்குள் ஒரு சுத்தமான போல்ட்டுக்குத் தனிக் கறுப்பு வயர் இழுத்துவிட்டேன். அசல் அமைப்பைத் தொடக் கூடாது என்பவர்கள் கோபிக்கலாம். எனக்கு இண்டிகேட்டர் எரிந்தால் போதும்.

எர்த்தில் குறை இல்லை என்றால் வரும் வழியைப் பாருங்கள். தோட்டா மாதிரி முனை கொண்ட வயர்களை ரப்பர் உறைக்குள் செருகிய இணைப்புகள் டிக்கியிலும், முன்னால் ரேடியேட்டர் பக்கத்திலும் இருக்கும். முன்னால் இருப்பவை மழைத் தண்ணீர் நேராகப் படும் இடத்தில் இருப்பதால் செம்பில் களிம்பு ஏறிப் பச்சையாகிவிடும். பிடுங்கிச் சுத்தம் செய்யலாம். உறைக்குள் இருக்கும் குழாய் தளர்ந்திருந்தால் புதிதே போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பல்பையும் ஒருமுறை கழற்றி, 21 வாட்தானா என்று படித்துப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் கையில் கிடைத்த 5 வாட் பல்பைச் செருகி வைத்திருக்கலாம். ஹோல்டரின் ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தாலும் இதே தொல்லைதான். இவை எல்லாம் சரி என்ற பிறகுதான் ஸ்டீயரிங் சுவிட்சைத் தொடுங்கள். பழைய பிளாஸ்டிக், கழற்றும்போதே உடையும்.

இரண்டு பக்கமும் செத்துக் கிடக்கிறது என்று யாராவது இதைப் படித்தால், அவர்களுக்குக் கதை வேறு. பெட்ரோல் முள்ளும் பிரேக் விளக்கும் வேலை செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவையும் இண்டிகேட்டருக்கு வரும் அதே பச்சை வயர் ஃபியூஸில்தான் தொங்குகின்றன. எல்லாமே போயிருந்தால் ஃபியூஸ், அல்லது அதைப் பிடிக்கும் தகடு. அந்த ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது பிரிட்டிஷ் கணக்கில் எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அமெரிக்க 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் அதற்கு முன் வயர் எரியும். இண்டிகேட்டர் மட்டும் போயிருந்தால் ஹசார்ட் சுவிட்சைப் பத்து இருபது முறை போட்டு எடுங்கள். பல கார்களில் இண்டிகேட்டர் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் தொடாத சுவிட்ச் உள்ளே கறுத்துப் போயிருக்கும்.

அப்புறம், எல்இடி பல்பு போட்டால் தீர்ந்துவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். எல்இடி இழுப்பது சொற்ப மின்சாரம், உங்கள் ஃபிளாஷர் சூடாகவே ஆகாது. நல்ல பக்கமும் நின்று எரியும், குழப்பம் இரட்டிப்பாகும். எர்த்தைச் சரிசெய்த பிறகும் ஆசை இருந்தால் எலக்ட்ரானிக் ஃபிளாஷரோடு சேர்த்துப் போடுங்கள். உங்கள் கார் நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் உடம்போடு இணைந்தது என்பதால் சாதாரணமானதே பொருந்தும். 1967க்கு முந்தைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள், பாசிட்டிவ் எர்த்துக்கு என்று செய்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.