சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு தூரம்? அதை விமானத்தின் மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் நேரமும் பயணச்சீட்டில் உள்ள நேரமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய தூரம் சுமார் 15,350 கி.மீ. இதை 900-ஆல் வகுத்தால் பதினேழு மணி நேரம் வருகிறது. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இடைநில்லா விமானத்துக்கு அட்டவணையில் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறி இறங்குவதும் இந்த வேறுபாட்டில் ஒரு பகுதிதான். முக்கியமான காரணம், விமானம் அந்தக் குறுகிய பாதையில் பெரும்பாலும் பறப்பதில்லை என்பதே.

இரண்டு ஊர்களும் தீர்க்கரேகைக் கணக்கில் ஏறக்குறைய 178 பாகை விலகி, அதாவது உலக உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்திலிருந்து 300 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் செல்லும். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லாத இத்தகைய நிலையில், பாதையைத் தீர்மானிப்பது காற்றுதான். வடகோளத்தில் ஏறத்தாழ பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுமாறு, ஜப்பானை ஒட்டி வட பசிபிக்கைக் கடந்து செல்கிறார்கள்; தூரம் கூடினாலும் எரிபொருளும் நேரமும் மிச்சமாகின்றன. திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கு நோக்கியே வருவதால், போய்த் திரும்புபவர் உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்! வரும்போது அட்டவணை நேரம் பத்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

கடிகாரக் கணக்கு வேறு. கோடைக்காலத்தில் இரு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வேறுபாடு. நான் ஜூன் மாதத்தில் சென்றபோது முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரை விட்டால் அதே தேதி காலை 6.40-க்கு நியூயார்க்கில் இறங்கலாம். அங்கிருந்து திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பினாலோ, புதன் அதிகாலை 4.50-க்குத்தான் சாங்கி வந்து சேர முடியும். செவ்வாய்க்கிழமை ஆகாயத்திலேயே கரைந்துபோகும். குளிர்காலத்தில் வேறுபாடு 13 மணி நேரமாகிவிடும்.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும்) வகை விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன; சாதாரண எக்கானமி வகுப்பு கிடையாது என்பதையும் கட்டணம் பார்க்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

நீங்கள் சென்னையிலிருந்து புறப்படுபவராக இருந்தால், சிங்கப்பூர் வழியாகச் செல்வது மொத்தம் 18,000 கி.மீ.க்கு மேல் ஆகிறது. துபாய் வழியென்றால் ஏறத்தாழ 14,000 கி.மீ. சிங்கப்பூரில் வேறு வேலை இல்லையென்றால் அந்தச் சுற்று தேவையில்லை.